ராட்போர்னின் 1884: வெற்றிகள் 59ஆ, 60ஆ?

கேள்வி:
அமெரிக்காவின் பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் பேஸ்பால் பந்து வீச்சாளர் சார்லஸ் ‘ஓல்டு ஹாஸ்’ ராட்போர்ன் 1884இல் பெற்ற வெற்றிகள் சில பட்டியல்களில் 59 என்றும், வேறு சிலவற்றில் 60 என்றும் உள்ளன. பேஸ்பாலில் அணி வெல்லும் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு வீச்சாளரின் வெற்றியாகக் கணக்கில் எழுதப்படும். ஒரே பருவத்தில் ஒருவர் இத்தனை ஆட்டங்களை வென்றதே பெருவியப்பு. எண்ணிக்கை மாறுபடுவது ஏன் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சிக்கல் ஜூலை 28 அன்று பிலடெல்பியாவுடன் நடந்த ஒரே ஆட்டத்தில்தான். முதல் ஐந்து இன்னிங்ஸில் அணியின் மற்றொரு வீச்சாளரான மில்லர் வீசினார். அணி முன்னிலையில் இருந்த நிலையில் எஞ்சியவற்றை ராட்போர்ன் வீசி முடித்தார். அன்று ஆட்டக் கணக்கை எழுதிய குறிப்பாளர் வெற்றியை ராட்போர்ன் பெயரில் எழுதினார். இன்றைய விதிப்படி அது மில்லருக்கே உரியது. என்னைக் கேட்டால் 59 என்பதே சரி. அதனால் அவர் பெருமைக்கு எந்தக் குறையும் வராது.

மறுமொழி 2:
அந்தப் பருவத்தின் நடுவே நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஜூன் 7 அன்று பாஸ்டனுக்கு எதிராக 19 பேரை ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்குகளில் மட்டையாளரை ஆட்டமிழக்கச் செய்வது) செய்த இளம் வீச்சாளர் சார்லி ஸ்வீனி, ஜூலையில் நிர்வாகத்துடன் மோதி அணியை விட்டு வெளியேறினார். அப்போது இடைநீக்கத்தில் இருந்த ராட்போர்ன், கூடுதல் ஊதியமும் பருவ முடிவில் ஒப்பந்தத்திலிருந்து விடுதலையும் தந்தால் மீதி ஆட்டங்களைத் தாமே வீசுவதாக ஒப்புக்கொண்டார். வீச்சுத் தொலைவு அப்போது 50 அடிதான் என்றாலும், 678 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 441 ஸ்டிரைக் அவுட்டுகளை எடுப்பது எளிதன்று. தலைவாரக்கூடக் கையைத் தூக்க முடியாமல் காலையில் தவித்தவர், மாலையில் களத்தில் நின்றார் என்பார்கள். அணி வென்ற 84 ஆட்டங்களில் 59 அவருடையவை. அதன்பின் மற்றொரு லீக்கின் சாம்பியனான நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸுடன் நடந்த மூன்று ஆட்டங்களையும் அவரே வென்று தந்தார்.

மறுமொழி 3:
அவரது பிற்காலம் என்னை மிகவும் வருத்துகிறது. பாஸ்டனிலும் சின்சினாட்டியிலும் ஆடி 1891இல் ஓய்வு பெற்று, தாம் வளர்ந்த இல்லினாய்ஸ் மாநிலத்துப் புளூமிங்டனில் பில்லியர்ட்ஸ் மேசைகளுடன் ஒரு மதுக்கூடம் நடத்தினார். 1894இல் வேட்டையின்போது துப்பாக்கிக் குண்டு பாய்ந்து ஒரு கண்ணை இழந்தார். சிதைந்த முகத்தைப் பிறருக்குக் காட்ட விரும்பாமல் மதுக்கூடத்தின் பின்னறையிலேயே அடைந்து கிடந்தவர், 1897 பிப்ரவரியில், 42ஆம் வயதில் இறந்தார். பேஸ்பால் புகழ் மன்றத்தில் அவர் பெயர் இடம்பெற்றது 1939இல்தான்.