வரியில்லா ஒப்பந்தம்: நீங்கள் நேரில் பார்த்ததை எழுதுங்கள்

இளம்பிள்ளைக்காரன்:
படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவோடு இந்தியா போட்ட வரியில்லா வர்த்தக ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதல் நடப்பில் இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அங்கே நம் துணிக்கு 5 சதவீத வரி, வங்கதேசத் துணிக்கு வரியே இல்லை. அதனாலேயே மெல்பர்னில் எங்கள் சரக்கை வாங்கும் பையர் ஒருவர் எங்களை விட்டுப் போயிருந்தார். வரி நீங்கியதும் அவரே கூப்பிட்டார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார். "அந்த நீலக் கட்டம் போட்ட விரிப்பை இன்னும் நெய்கிறீர்களா?" அதை நெய்துகொண்டிருந்தவர் பக்கத்தில்தான் நின்றார், அவர் தறி ஓடாமல் கிடந்தது. பதில் வருவதற்குள் அவர் முதலாளி முகத்தைப் பார்த்த பார்வை எனக்கு மறக்கவே இல்லை.

ஏற்காடு மிளகு:
உங்களுக்கு நல்லது நடந்தது, சந்தோஷம். ஆனால் எல்லா ஒப்பந்தத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இலங்கை ஒப்பந்தம் 2000லிருந்து இருக்கிறது. வியட்நாம் மிளகு இலங்கைச் சரக்கு என்ற பெயரில் அந்த வழியாக வருகிறது என்று நாங்கள் கத்தாத நாள் இல்லை. கிலோ 500 ரூபாய்க்குக் கீழான விலையில் மிளகை இறக்குமதி செய்யக்கூடாது என்று அரசு சொன்னதே 2017 டிசம்பரில்தான். அதற்கு முந்தைய அறுவடையை சேலம் லீ பஜார் சந்தைக்குக் கொண்டுபோனேன். வியாபாரி ஒரு கையில் என் மிளகு, மறு கையில் கப்பலில் வந்த வெளிநாட்டு மிளகு வைத்து, "உங்களுது எது?" என்றார். சரியாகத் தொட்டுக் காட்டினேன். "வாங்குறவங்களுக்குத் தெரியாதே" என்று கப்பல் மிளகு விலைக்கே எடை போட்டார்.

குகைத் தறி:
ஏற்காடு அண்ணா, அது ஒப்பந்தத்தின் குற்றமில்லை, சரக்கு எங்கே விளைந்தது என்று சரியாகப் பார்க்காத குற்றம். எங்கள் துண்டு சிட்னியில் வரி கட்டித்தான் வெளியே வந்தது, ஏனென்றால் சரக்கு எந்த நாட்டில் ஆனது என்று சொல்லும் ஒரிஜின் சர்டிபிகேட் கூடவே போகவில்லை. அதனால் சொல்கிறேன்: ஒவ்வொரு லோடுக்கும் டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் அந்தச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். சரக்கு எந்த வகை என்று சுங்கத்துக்குக் காட்டும் ஹெச்எஸ் எண்ணைப் பையரிடம் முன்பே கேட்டு, இன்வாய்ஸிலும் சான்றிலும் ஒன்றாகவே போடுங்கள். நூல் வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். முக்கியமாக, மிச்சமாகும் வரி முதலில் பையர் பைக்குத்தான் போகும். விலை பேசும்போதே அதில் பங்கு கேளுங்கள், பிறகு கேட்டால் தரமாட்டார்கள். பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு விதிகள் வேறு, தனியாகப் படியுங்கள். அங்கே துணி வரி 12 சதவீதம் வரை இருந்தது, நமக்குப் பெரிய வாசல்.

ஏற்காடு மிளகு:
தம்பி, வரிச் சலுகையில் வந்த அந்த மிளகுக்கும் சர்டிபிகேட் இருந்தது. அதைத் துறைமுகத்தில் யார் சரிபார்த்தார்கள்? அதை எழுதுங்கள்.