கோல்ஃப் பிசகடிகள்: ஃபேட், தின், ஷேங்க் முதலியவற்றுக்குத் தமிழ்ச் சொற்கள்

> ஃபேட் – கொழுப்படி. தின் – மெல்லடி. ஷேங்க் – காலடி. விஃப் – காற்றடி. கருத்துச் சொல்லுங்கள்.

ஐயா, வணக்கம்.

'மெல்லடி'யைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அது புலவர்கள் தலைவியின் பாதத்துக்கு வைத்த சொல். தின் அடியில் மென்மை ஏது? மட்டைத்தலையின் கீழ்விளிம்பு பந்தின் நடுவயிற்றில் மோதுகிறது. பந்து தாழப் பறந்து, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடுகிறது. விரல்களோ விண்ணென்று தெறிக்கின்றன. 'விளிம்படி' என்றால் நடந்தது சொல்லிலேயே தெரியும்.

கொழுப்படியும் அப்படித்தான். அங்கே மட்டை பந்தைத் தொடுவதற்கு முன்பே தரையைத் தோண்டிவிடுகிறது. விசையையெல்லாம் மண் விழுங்க, பந்து கொஞ்ச தூரம் போய் விழுந்துவிடுகிறது. முதலில் 'மண்கொத்தி' என்று எழுதிப் பார்த்தேன். மீன்கொத்தி, மரங்கொத்தி வரிசையில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது அடித்தவருக்குப் பெயராகிவிடும். அடிக்கு 'மண்கொத்தல்' போதும். 'மண்கொத்தி'யைக் கேலிக்கு வைத்துக்கொள்வோம்.

ஷேங்க் என்பது, தண்டு மட்டைத்தலையோடு சேரும் குழலில் பந்து பட்டு, வலக்கை ஆட்டக்காரருக்கு வலப்புறமாகச் சிதறுவது. உலக்கைக்குப் பூண் இருப்பதுபோல அந்த இடத்தையும் பூண் என்று கொண்டால், 'பூணடி'. வாய்விட்டுச் சொன்னால் தொற்றிக்கொள்ளும் என்று பயந்து, ஆடுபவர்கள் பலர் ஆங்கிலத்தில் 'லேட்டரல்' (பக்கவாட்டு) என்று மழுப்புகிறார்கள். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி என்று படித்திருக்கிறோம். இது குழூஉக்குறியும் மங்கலமும் சேர்ந்த கலவை.

டாப் அடிக்கு நீங்கள் சொல் தரவில்லை. பந்தின் மேற்பாதியில் பட்டு உருள்வதால் 'உச்சந்தட்டு' எனலாம்.

விஃப் என்பது மட்டை பந்தில் படாமலே போகும் வீச்சு. அதற்குக் 'காற்றடி' வேண்டாம், காற்று அடிப்பதாகவே காதில் விழும். 'வெற்றுவீச்சு'ம் சிக்கல்தான், ஒத்திகை வீச்சோடு குழம்பிவிடும். பந்தை அடிக்கும் எண்ணத்தோடு வீசினால், படாவிட்டாலும் விதிப்படி ஓர் அடியாகக் கணக்கில் சேரும். ஒத்திகை வீச்சு சேராது. அந்த வேறுபாடு தெரிய 'தப்புவீச்சு' என்கிறேன். பந்தும் தப்பியது, ஆடியவர் செய்ததும் தப்பு.

இவற்றுக்குப் பொதுப்பெயராகத் தலைப்பில் உள்ள 'பிசகடி'யே இருக்கட்டும். ஸ்லைஸ், ஹூக் இரண்டையும் இதில் சேர்க்க வேண்டாம். அவை பந்து வளைந்து செல்லும் பாதையைக் குறிப்பவை; வேண்டுமென்றே அப்படி வளைத்து அடிப்பவர்களும் உண்டு.