காதுகுத்துக்கு என்ன விளையாட்டு? – ‘தாத்தா வீடு’ குழு

ரம்யா: பாப்பாவுக்குக் காது குத்தி, சாப்பாடும் முடிந்த பிறகு 4 மணி வரைக்கும் மண்டபம் நம் கையில்தான். பிள்ளைகளுக்கு ஏதாவது விளையாட்டு வைக்கலாமா? கவிதா அக்கா, நீங்களே சொல்லுங்கள். அகில், யாழினி, அப்புறம் என் நாத்தனார் மகன் சூர்யா, மூன்று பேரும் சேர்கிற மாதிரி இருக்க வேண்டும்.

மல்லிகா அத்தை: மியூசிக்கல் சேர்.

தினேஷ்: போன தடவை மாமா உட்கார்ந்து சேர் உடைந்ததே 😂

பெரிய மாமா: அது பழைய சேர்.

கவிதா: மியூசிக்கல் சேர் வேண்டாம் அத்தை. பாட்டு திடீரென்று நிற்கும், தோற்றவர் வெளியே போக வேண்டும். அகிலுக்கு இரண்டுமே தாங்காது. ரம்யா, மூன்று பேருக்கும் ஆட்டிசம் என்பதற்காக ஒரே மாதிரி விளையாட்டு வைத்தால் எடுபடாது. வயதை வைத்தும் முடிவு பண்ணாதே. பிள்ளை இப்போது தனக்கு வேண்டியதை எப்படிக் கேட்கிறது, எப்படிப் பதில் சொல்கிறது என்று பார். அகிலுக்கு 6 வயது. ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குடத்துக்கு இழுத்துப் போவான். அவனுக்கு ஆட்ட விதியெல்லாம் இப்போது வேண்டாம், எதிரில் ஓர் ஆள் போதும். நண்டூறுது நரியூறுது விளையாடு. உள்ளங்கையில் ஆரம்பித்து, அக்குள் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணு. அவன் உன் முகத்தைப் பார்க்கலாம், கையை நீட்டலாம், ‘ஊ’ என்று சத்தம் போடலாம். எது செய்தாலும் ‘இன்னும் வேண்டும்’ என்று கேட்டுவிட்டான் என எடுத்துக்கொண்டு உடனே கிச்சுக்கிச்சு மூட்டு. போதும் என்பதற்குப் படம் போட்ட அட்டை வைத்திருக்கிறான். அதை எடுத்தால் விட்டுவிட வேண்டும்.

ரம்யா: சரி அக்கா ❤️

பெரிய மாமா: *பலமுறை பகிரப்பட்டது* குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடும் முன் இதைப் படியுங்கள்! ஆட்டிசத்துக்குக் காரணம் இதுதான்!!

செல்வி சித்தி: அண்ணா, அழித்துவிடுங்கள். 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை கிளப்பிய புரளி இது. 2010-இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டது. ரம்யா, பாப்பாவுக்கு ஒன்பது மாத ஊசி ஆயிற்றா?

ரம்யா: ஆயிற்று சித்தி.

பெரிய மாமா: நல்ல எண்ணத்தில்தான் போட்டேன்.

தினேஷ்: பாயசமா, கேசரியா? சமையல்காரர் கேட்கிறார்.

மல்லிகா அத்தை: பாயசம்.

கார்த்திக் அண்ணா: கவிதா, யாழினிக்கு 10 வயது, வாய் ஓயாமல் பேசுகிறாள். நண்டூறுது எல்லாம் அவளுக்குச் சின்னப் பிள்ளை விளையாட்டு ஆகிவிடாதா?

கவிதா: ஆமாம் அண்ணா, அவளுக்கு அது வேண்டாம். விருத்தாசலம், அரியலூர் என்று வைகை எக்ஸ்பிரஸ் நிற்கும் ஊரையெல்லாம் அழகாகச் சொல்கிறாள். எதிரில் இருப்பவர் ஏதோ சொல்ல வருகிறார் என்பதுதான் அவளுக்குப் பிடிபடுவதில்லை. ஒரு துணிப்பையில் ஏதாவது சாமான் போட்டுக் கட்டிவிடுங்கள். உள்ளே என்ன என்று கண்டுபிடிக்க ஆளுக்கு ஒரு கேள்வி. பதில் ஆமாம், இல்லை மட்டும். ‘சமையல்கட்டில் இருக்குமா?’ என்று தினேஷ் கேட்டு ஆமாம் என்று வந்தால், அதை வைத்துத்தான் அவள் அடுத்துக் கேட்க வேண்டும். அப்போது பிறர் பேச்சைக் காதில் வாங்கியே ஆக வேண்டும். முதல் தடவை பையில் கரண்டி மாதிரி சுலபமான சாமானாக இருக்கட்டும்.

கார்த்திக் அண்ணா: 👍 ரயில் பொம்மை வைத்தால்?

கவிதா: கடைசி ஆட்டத்துக்கு வையுங்கள்.

ரம்யா: சூர்யா? நாம் சொன்னதையே திருப்பிச் சொல்கிறான். டிவி விளம்பரம் முழுசும் மனப்பாடம்.

கவிதா: அவனுக்கு ‘ஒரு குடம் தண்ணி ஊத்தி’ பொருந்தும். அதில் மூன்று பேரையுமே சேர்க்கலாம். இரண்டு பேர் கையைக் கோத்து வளைவு மாதிரி நில்லுங்கள். பாட்டில் அதே வரி திரும்பத் திரும்ப வரும், எண் மட்டும்தான் ஏறும். எண் வரும் இடத்தில் நீங்கள் வாயை மூடிக்கொண்டால் சூர்யா நிரப்புவான். அகில் என் கையைப் பிடித்துக்கொண்டு வளைவுக்குள் நுழைந்து வந்தால் போதும். பிடிபட்ட பிள்ளையிடம் யாழினி ஒரு கேள்வி கேட்கட்டும், பதில் வந்த பிறகு விடட்டும். யாரும் வெளியே போக வேண்டாம்.

தினேஷ்: வளைவுக்கு நானும் மாமாவும்.

பெரிய மாமா: முட்டி வலி. மைக் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கவிதா: மைக் வேண்டாம் மாமா. பாப்பா அழும்போதே அகில் காதைப் பொத்திக்கொள்வான். மாடி அறை காலியாக இருந்தால் நடுவில் கொஞ்ச நேரம் அங்கே கூட்டிப் போவேன். சீனு கல்யாணத்தில் அவனை மேடையிலிருந்து இறக்கச் சொன்னது மாதிரி ஆகிவிடக் கூடாது.

மல்லிகா அத்தை: போட்டோகிராபர் அவசரப்படுத்தினார், அதனால்தான் சொன்னேன்.

கவிதா: தெரியும் அத்தை. ஆனாலும் அவன் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

செல்வி சித்தி: விடுங்கள் இரண்டு பேரும். அறைச் சாவி யாரிடம்?

ரம்யா: மண்டப மேனேஜரிடம். மாடி அறைக்குத் தனி வாடகையாம்.

கார்த்திக் அண்ணா: நான் தருகிறேன்.

ரம்யா: என் மாமியார் வீட்டார் அங்கேதான் பைகளை வைப்பார்கள். கேட்டுப் பார்க்கிறேன்.

மல்லிகா அத்தை: கவிதா, ஐந்து எண்ணுவது வாய்விட்டா, மனசுக்குள்ளா?

கவிதா: மனசுக்குள் அத்தை.

தினேஷ்: கேசரிக்குச் சொல்லிவிட்டேன்.

மல்லிகா அத்தை: பாயசம் என்றேனே!

பெரிய மாமா: அப்போது மைக் சுத்தமாக வேண்டாமா?