மறு: ‘பர்சனல் பிராண்டிங்’ – தன்முத்திரை மட்டும் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

ஒருவர் தம் பெயரையே ஓர் அடையாளமாக வளர்த்துக்கொள்ளும் ‘பர்சனல் பிராண்டிங்’குக்குத் தமிழில் என்ன சொல்வது, ‘ஆதென்டிக்’காகவும் ‘புரொஃபஷனல்’லாகவும் இரு என்பதை எப்படி எழுதுவது என்று பேசும் இழை இது. வேலைப்பளுவில் இரண்டு நாள் இந்தப் பக்கம் வர முடியவில்லை. அதற்குள் பதினாறு மடல்கள்! எல்லாவற்றுக்கும் பதில் எழுதப்போவதில்லை. உறுத்திய இடங்களை மட்டும் தொடுகிறேன்.

> ‘வணிகப்பெயர்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. முன்னால் ‘தனிநபர்’ என்று சேர்த்தால் வேலை முடிந்தது.

ஐயா, வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘அந்த ஆசிரியை இணையத்தில் தன் தனிநபர் வணிகப்பெயரை வளர்த்துக்கொண்டார்.’ பாடம் நடத்துகிறவர் கடை போட்ட மாதிரி இருக்கிறது. இந்தக் கருத்து கடை வாசனையோடு பிறந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1997-இல் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ என்ற அமெரிக்க வணிக இதழில் மேலாண்மை எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ் எழுதிய கட்டுரைதான் இதைப் பரப்பியது. ஒவ்வொருவரும் தம் பெயரிலேயே ஒரு நிறுவனம், அதற்குத் தலைமை அதிகாரியும் தாமே என்பது அவருடைய வாதம். இன்று எதையும் விற்காதவர்களும் இதே சொல்லைப் புழங்குகிறார்கள். ஆகவே ‘வணிக’த்தைக் கழற்றிவிடலாம்.

> ‘பொறி’ என்ற பழஞ்சொல்லை மீட்டெடுத்தால் என்ன?

அம்மா, இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த மடல் உங்களுடையதுதான். ‘பிராண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேரிலும் நெருப்புதான் இருக்கிறது. காய்ச்சிய இரும்பால் கால்நடைக்குப் போட்ட சூடு, பிற்பாடு சரக்கின் அடையாளமானது. நம் ‘பொறி’க்குள் தீப்பொறியும் உண்டு, பொறித்த சின்னமும் உண்டு. துறைமுகத்துச் சரக்கில் சோழரின் புலிச்சின்னத்தைப் பதித்து அனுப்பியதைப் பட்டினப்பாலை ‘புலி பொறித்து’ என்றுதான் சொல்கிறது. இத்தனை பொருத்தம் இருந்தும், ‘தற்பொறி’ என்று எழுதினால் தனக்குத்தானே வைத்துக்கொண்ட எலிப்பொறிதான் கண்ணில் படுகிறது. (சிலருடைய சுயவிவரப் பக்கங்களைப் பார்த்தால் அதுவும் சரியாகத்தான் படுகிறது.)

ஆகவே பெரும்பாலோர் சொன்ன ‘தன்முத்திரை’க்கே என் வாக்கு. கூடவே வினைச்சொல்லையும் முடிவு செய்துவிட வேண்டும். முத்திரை ‘பதித்தார்’ என்றால் பாராட்டு, முத்திரை ‘குத்திவிட்டார்கள்’ என்றால் புகார். பதிக்கிறவர் நாம், குத்துகிறவர்கள் பிறர். ‘பேர் எடுத்தாள்’, ‘பேர் வாங்கினான்’ என்கிறோமே, அங்கேயும் பேர் அடுத்தவர் கையிலிருந்துதான் வருகிறது. ‘தன்முத்திரையைக் கட்டமைத்தல்’ என்று எழுதினால் இதெல்லாம் காணாமல் போய்விடும். முத்திரையை யாராவது கட்டுவார்களா? ‘தன்முத்திரை பதித்தல்’ என்றே வைப்போம்.

> ‘ஆதென்டிக்’குக்கு நம்பகத்தன்மை, ‘புரொஃபஷனல்’லுக்குத் தொழில்முறை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். நம்பகத்தன்மை படிக்கிறவர் மனத்தில் உண்டாவது. நாம் கேட்பதோ எழுதுகிறவரிடம் இருக்க வேண்டிய ஒன்று. நல்ல நடிகர் முதலாவதைச் சம்பாதித்துவிடுவார். ‘உண்மைத்தன்மை’ என்றால் சான்றிதழைச் சரிபார்க்கும் நினைவு வருகிறது. ‘தொழில்முறை ஆட்டக்காரர்’ என்பதில் வரும் தொழில்முறைக்குக் காசு வாங்கி ஆடுகிறவர் என்று பொருள். பேச்சில் காட்டும் பக்குவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எல்லாவற்றையும்விட, ‘உண்மையாக இரு, ஆனாலும் தொழில்முறையாக இரு’ என்று எழுதும்போது அந்த ‘ஆனாலும்’ இரண்டையும் சக்களத்திகளாக்கிவிடுகிறது.

என் சொந்தக் கூத்து ஒன்று. மென்பொருள் ஒன்றின் இடைமுகச் சொற்களை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். எந்தச் சொல் எந்தத் திரையில் வரும் என்ற குறிப்பே இல்லாத வெறும் பட்டியல். ‘சேவ்’ என்று இருந்ததை ‘காப்பாற்று’ என்று போட்டுவிட்டேன். பயனர்கள் கோப்பைச் சேமிக்கப் போனால் பொத்தான் ‘காப்பாற்று’ என்று அலறியது. என் தொழில்பக்கத்தில் இதைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றி மூன்று வரைவு எழுதினேன். முதலாவது: ‘நான் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை, இரவெல்லாம் தூக்கமில்லை.’ அத்தனையும் உண்மை, ஆனால் படிக்கிறவருக்கு அதில் ஒன்றுமில்லை. இரண்டாவது: ‘சூழலுக்கேற்ற மொழிபெயர்ப்பின் தேவையை உணர்த்திய அனுபவம்.’ தப்பு செய்தது யார் என்றே தெரியாது. மூன்றாவதைத்தான் வெளியிட்டேன்: ‘சேமி என்று வர வேண்டிய இடத்தில் காப்பாற்று என்று எழுதினேன். திரையைக் கேட்டு வாங்காதது என் தவறு. இப்போது திரைப்படம் இல்லாமல் பட்டியலைத் தொடுவதில்லை.’ (‘ஸ்கிரீன்ஷாட்’டுக்குத் திரைப்படம் என்று எழுதியதற்கு ஒருவர் சண்டைக்கு வந்தார். அது தனி இழை.)

முதல் வரைவைவிட மூன்றாவதில் உண்மை குறைந்துவிடவில்லை. யார் முன்னால் பேசுகிறேன் என்பது மட்டும் அதற்குத் தெரிந்திருந்தது. இதற்கு நம்மிடம் சொல் உண்டு: அவையறிதல். குறளில் ஓர் அதிகாரமே அந்தப் பெயரில் இருக்கிறது. பேச்சுவழக்கில் ‘இடம் பொருள் ஏவல் பார்த்துப் பேசு’ என்போம். அதனால் என் முன்மொழிவு: ‘அவைமெய்ம்மை’. அவைக்குப் பொருந்தச் சொன்ன மெய், அவைக்காகப் பூசிய மெய் அன்று. ‘ஆனாலும்’ தேவையே இல்லை, ஒரே சொல்லுக்குள் இரண்டும் அடங்கிவிடுகிறது.

> அவை என்றால் அரசவை ஞாபகம் வருகிறது. இன்றைய இளைஞருக்கு ஒட்டுமா?

அவைத்தலைவரும் மேலவையும் செய்தியில் நாள்தோறும் வருகிறார்களே. இதே அச்சில் வார்த்த ‘அவையடக்கம்’ இன்றும் மேடைப்பேச்சில் உயிரோடு இருக்கிறது. ஒட்டும்.

உங்கள் இன்னொரு கேள்விதான் கனமானது: இணையத்தில் அவை ஒன்றல்லவே? மேலாளர், பழைய வகுப்புத் தோழர், மாமியார், முன்பின் தெரியாதவர் எல்லோரும் ஒரே இடுகையைப் படிக்கிறார்கள். ஆய்வாளர்கள் ஆலிஸ் மார்விக்கும் டானா பாய்டும் 2011-இல் டுவிட்டர் பயனர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஆராய்ந்தது இதைத்தான். அவர்கள் ‘கான்டெக்ஸ்ட் கொலாப்ஸ்’ என்று சொன்னதற்கு நேர்ச்சொல்லாகச் ‘சூழல் சரிவு’ என்று போடலாம், ஆனால் மண்சரிவு மாதிரி ஒலிக்கிறது. ‘அவைக்கலப்பு’ என்றால் இரண்டு சொற்களும் ஒரு குடும்பமாகிவிடும். அவைக்கலப்பு நேர்ந்த இடத்தில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இதே வரியை அந்த நால்வரிடமும் தனித்தனியாக முகத்துக்கு நேரே சொல்வேனா? சொல்ல முடியாத வரியை எடுத்துவிடுவேன். அதற்காகப் பொய் வரியைச் சேர்க்கமாட்டேன்.

மெய்ம்மையா, வாய்மையா என்பதில் எனக்கே இன்னும் தெளிவில்லை. ‘யாதொன்றும் தீமை இலாத சொலல்’ என்று வள்ளுவர் வரையறுத்தது வாய்மையை. அடுத்தவர் மீதான கரிசனம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ‘அவைவாய்மை’ இன்னும் பொருந்தும். ஆனால் இரண்டு ‘வை/வா’ அடுத்தடுத்து வந்து நாக்கு இடறுகிறது. சத்தமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இந்தச் சொற்கள் வரும் கோப்பைத் திங்கட்கிழமை நான் ஒப்படைக்க வேண்டும். அதுவரை ‘தன்முத்திரை பதித்தல்’, ‘அவைமெய்ம்மை’, ‘அவைக்கலப்பு’ மூன்றையும் வரைவில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்.