குப்பை சேவையை அளக்கும் எண்ணுக்கு ஒரு சொல்: மடல் இழை

மொழிபெயர்ப்பாளர், சுங்கை சிப்புட்:

அன்பர்களுக்கு வணக்கம். குப்பை எடுப்பு, மறுசுழற்சி ஆகிய சேவைகளைப் பற்றி எங்கள் குடியிருப்போர் சங்கம் வீடு வீடாகக் கேட்கவிருக்கும் வினாப்படிவத்தை மலாயிலிருந்து தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சேவை எவ்வளவு நன்றாக நடக்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு மலாயில் வழங்கும் ‘பெத்துஞ்சோக் பிரெஸ்தாசி’ என்னும் தொடரில் வந்து நிற்கிறேன். நாளேடுகள் ‘அடைவுநிலைக் குறியீடு’ என்று எழுதுகின்றன. ஆனால் அடைவுநிலை என்றதும் நம் பெற்றோருக்குப் பிள்ளைகளின் தேர்வு முடிவுதான் நினைவுக்கு வரும். ‘செயல்திறன் சுட்டெண்’ எனலாமா? ஒரு வரி விடை போதும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங்:

ஒரு வரியில் முடியாது, தம்பி. திறன் என்பது ஆற்றல். பத்து லோரிகள் பணிமனையில் நின்றிருக்க ஒன்றும் தெருவுக்கு வராத நாளிலும் நகராண்மைக் கழகத்துக்குத் திறன் உண்டு, செயல்தான் இல்லை. நீங்கள் அளக்க விரும்புவது செய்து முடித்த பணியை என்பதால் ‘செயல்திறன்’ வேரிலேயே பிழைபட்ட சொல்லாகும். ‘சுட்டு’ என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்று தொல்காப்பியம் விதித்த நாள் முதல், தான் பொருளாகாமல் பொருளின் பக்கம் விரல் நீட்டுவதற்கு நம்மிடம் உள்ள பெயர் அது. மலாயில் ‘துஞ்சோக்’ என்பதும் விரல் நீட்டுவதே. ஆகவே ‘பணிச்சுட்டு’ என்பது என் பரிந்துரை.

குப்பை என்னும் சொல்லையும் இழிவாக எண்ண வேண்டாம். பழைய வழக்கில் அது குவியல். நெற்குப்பை என்றால் களத்தில் குவித்த நெல். ‘குப்பைக் கோழி’ என்ற உவமையாலேயே பெயர் பெற்ற சங்கப் புலவர் ஒருவரும் உண்டு. குவி, குவை, கும்பல் ஆகியவற்றோடு இச்சொல்லுக்குள்ள உறவைத் தனி மடலில் விரிக்கிறேன்.

பொறியாளர், ஈப்போ:

ஐயா, அந்தத் தனி மடலுக்கு வெள்ளிக்கிழமை காத்திருக்காது. ‘குப்பை எடுப்புப் பணிச்சுட்டு’ என்று தலைப்பிட்டால் படிப்பவர் முதலில் ‘சுட்டு’ என்பதை நெருப்போடுதான் சேர்த்துப் பார்ப்பார். வீட்டுக்குப் பின்னால் குப்பையைக் கொளுத்துவது இன்றும் அறியாத பழக்கமில்லை. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. நகராண்மைக் கழகமே எரிக்கச் சொல்கிறது என்ற எண்ணத்தை ஒரு தலைப்பு உண்டாக்கிவிடக் கூடாது.

எனினும் ‘அடைவு’ என்பதிலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. இங்கிலாந்தில் 2008இல் ஊராட்சி மன்றங்களுக்கு வகுத்த தேசியக் குறியீடுகளில் 191ஆவது, ஒரு வீட்டிலிருந்து மறுசுழற்சிக்குப் போகாமல் மிஞ்சும் குப்பையின் கிலோகிராம் அளவு. 192ஆவது, மறுபயன்பாட்டுக்கும் மறுசுழற்சிக்கும் உரமாக்கலுக்கும் போன பங்கு. 193ஆவது, நிலத்தில் புதைக்கப்பட்ட பங்கு. இவற்றுள் நடுவில் உள்ளது ஏற வேண்டும், மற்ற இரண்டும் இறங்க வேண்டும். அடைவு என்ற சொல்லோ ஏறுமுகத்தை மட்டுமே உணர்த்துகிறது. நம் நாடு 2025க்கு வைத்த 40 விழுக்காட்டு மறுசுழற்சி இலக்குக்கு அது பொருந்தும். லோரி எடுக்காமல் விட்டுப்போன வீடுகளின் எண்ணிக்கைக்குப் பொருந்துமா?

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்:

சொல்லைப் பிறகு பார்ப்போம், ஆசிரியர் ஐயா. எதை எதனால் வகுக்கிறீர்கள் என்பதே என் கேள்வி. ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியின் எடையை மட்டும் பார்த்து நாங்கள் கணக்கு எழுதியதில்லை. தண்ணீர் கலந்தாலும் எடை ஏறும் என்பதால் பாலின் செறிவைக் காட்டும் மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை மிதக்கவிட்டு, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்தோம். மழையில் நனைந்த சோற்றுக் குப்பையும் அப்படித்தான் நிறுவையை ஏற்றும். பிளாஸ்டிக் போத்தல்கள் ஒரு மூட்டை சேர்ந்தாலும் எடையே இராது.

இன்னொன்றும் உண்டு. தோட்டம் தனியார் நிலம்; தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் குப்பையை அப்புறப்படுத்துவது பொதுவாக நிருவாகத்தின் பாடு. குப்பைப் பணியைக் கூட்டரசின் கீழ்க் கொண்டுவந்த 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது நம் பேராக் மாநிலம் அதில் சேரவில்லை என்பதால், நகரத்துக் குப்பை இங்கே நகராண்மைக் கழகத்தின் பொறுப்பிலேயே இருந்தது. ‘நூற்றுக்கு இத்தனை வீடுகளுக்குச் சேவை’ என்று எழுதும்போது அந்த நூறில் லயத்து வீடுகள் உண்டா இல்லையா என்பதைப் படிவம் சொல்லியாக வேண்டும். அவை வெளியே நின்றால் எண் அழகாக இருக்கும்; லயத்தில் இருப்பவர் படிவத்தை நிரப்பும்போதே சிரிப்பார்.

மொழிபெயர்ப்பாளர்:

கிராணி ஐயாவின் கேள்வியைத் தனி வினாவாகச் சேர்த்துவிட்டேன், சங்கமும் ஒப்புக்கொண்டது. சொல்லைப் பொறுத்தவரை, விடை எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘சேவை அடைவு குறியீடு’ போதும் என்கிறார்கள். பாதிப் பேர் விவாதம் முடிந்தால் போதும் என்றே எழுதியிருப்பதாகத் தோன்றுகிறது. எந்த எண் ஏற வேண்டும், எது இறங்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றின் பக்கத்திலும் சொல்லிவிடுகிறேன்.

தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. பணிச்சுட்டு என் சொற்சீட்டில் இருக்கும். அச்சுக்கு முன் ‘அடைவுக் குறியீடு’ என்று ‘க்’ என்னும் ஒற்றெழுத்தையாவது போடுங்கள், தம்பி.