நம்ம ஊர் நாவலுக்கு எத்தனை மார்க்?

கடந்த மூன்று மாதத்தில் முடித்த நாவல்களைப் பற்றி எழுதுகிறேன். மார்க் மட்டும் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. படிக்கும்போது குறுக்கே வந்து பேசியவர்களால்தான் என் மார்க்கே மாறியது. அதனால் அவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. எனக்கு வீடு மலேசியாவில் பட்டர்வொர்த், வேலை கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ்டவுன். காலையும் மாலையும் ஃபெர்ரியில்தான் படித்தேன். கடலில் புயல் வரும் அத்தியாயத்தைக் கடல் மேலேயே உட்கார்ந்து படித்த அனுபவத்தை எப்படிச் சொல்வது! தண்ணீர் அன்று அமைதியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டுதான் பக்கம் திருப்பினேன்.

மதுரையில் இருக்கும் என் சித்தி மகள் இதே நாவலை நாற்பது பக்கத்தோடு நிறுத்தி வைத்திருந்தாள். போனில் கேட்டாள்: “அக்கா, தொங்கான்னா என்ன? வரிக்கு வரி மலாய் வார்த்தையா வருது, ஒண்ணும் புரியல.” எனக்குச் சந்தோஷமாகப் போய்விட்டது. தொங்கான் என்றால் நமக்குத் தெரியாதா? சரக்கு ஏற்றும் பெரிய படகை இங்கே மலாய்க்காரர்கள் தொங்காங் என்கிறார்கள், அதேதான். அவளுக்கு அகராதி தேவைப்படுகிற இடமெல்லாம் எனக்கு வீட்டுப் பேச்சாக இருந்தது. ஒரு பெரிய தமிழ் நாவலை நாம் முழு உரிமையோடு படிக்கலாம் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. சிங்காரம் இளைஞனாக இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனவர், இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பி மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தவர். எழுதி முடித்த நாவல் பல வருடம் காத்துக் கிடந்து 1972இல்தான் புத்தகமாக வந்தது.

என் மார்க் ஐந்துக்கு நாலரை. நடுவில் தமிழ் இலக்கியத்தைக் கேலி செய்யும் நீளமான பேச்சுகளுக்காக அரை மார்க்கைக் குறைத்தேன் என்று நினைக்க வேண்டாம், அவை எனக்குப் பிடித்தே இருந்தன. இத்தனை பெரிய உலகத்தில் பெண்கள் வந்து வந்து போகிறார்களே தவிர யாரும் நிற்கவில்லை. அந்தக் குறைக்குத்தான் அரை மார்க்.

அப்புறம் அவருடைய முதல் நாவல், ‘கடலுக்கு அப்பால்’, 1959இல் வந்தது. இதை நான் படித்ததைவிட இன்னொருவர் படித்ததைத்தான் சொல்ல வேண்டும். பினாங்கு தெருவில் நான் பசியாறப் போகும் கடைக்கு ஒரு ஐயா வருவார். பதினாறு வயதில் ஒரு வட்டிக்கடைக்குக் கடைநிலை ஆளான பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி வந்தவர். கையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, என்ன கதை?” என்றார். வட்டிக்கடை நடக்கும் கிட்டங்கி, கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள் எல்லாம் வருகிற கதை என்றேன். அப்படியே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நாலு நாள் கழித்துத் திருப்பித் தந்தார். “கடை நடப்பு சரியா எழுதியிருக்கான். பொய் இல்லை” என்றார். அதைவிடப் பெரிய விமர்சனம் என்ன வேண்டும்? கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தவர், “ஆனா அந்தச் செல்லையாவுக்குப் பொண்ணைக் கொடுத்திருக்கலாம்மா” என்றார். நாவலில் செல்லையா நேதாஜியின் படையில் சேர்ந்து வந்தவன். பட்டாளத்துக்குப் போனவன் கடைக்கு ஆகமாட்டான் என்று முதலாளி தன் மகள் மரகதத்தைக் கொடுக்க மறுத்துவிடுவார். ஐயா சொன்னது முதலாளி மேல் கோபமாக இல்லை. பக்கத்து வீட்டில் நடந்து முடிந்துபோன ஒன்றைச் சொல்வதுபோல் இருந்தது. எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டதற்கு, “மார்க்கெல்லாம் எதுக்கு? இன்னொரு தடவை குடு, படிக்கணும்” என்றார். புத்தகம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

அடுத்தது நம் மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’. 1942–43இல் ஜப்பான்காரன் போட்ட சயாம் (தாய்லாந்து) – பர்மா ரயில் பாதையைப் பற்றியது. 415 கிலோமீட்டர் பாதை. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் ஆட்கள் ஆயிரம் ஆயிரமாக அங்கே மாண்டார்கள். ரெங்கசாமி 1930இல் பிறந்தவர், அந்தக் காலத்தைச் சிறுவனாகக் கண்ணால் பார்த்தவர்.

அம்மாவுக்கு இப்போது பார்வை சரியில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் நான் சத்தமாகப் படிப்பேன், அவர் கேட்பார். கெடா மாநிலத்தில் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவர். அம்மாவின் சித்தப்பா ஒருவர் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனவர், அப்படியே லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பது எங்கள் குடும்பத்துக் கதை. திரும்பவில்லை. செத்த நாள் தெரியாததால் திதி கொடுக்க வழியில்லாமல், ஆடி அமாவாசையில் பொதுவாக ஒரு இலை போடுவார்கள்.

நான் படித்துக்கொண்டே போவேன், திடீரென்று “நிறுத்து” என்பார். சில இரவு அத்தோடு புத்தகத்தை மூடிவிட வேண்டியதுதான். முடித்த அன்று, ஐந்துக்கு எத்தனைம்மா என்று கேட்டேன். “எழுதி வச்சானே, அதுக்கே அஞ்சு” என்றார்.

எனக்கு அப்படிக் கொடுக்க முடியவில்லை. சில இடங்களில் தகவல் கதையை முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. நாலு கொடுத்தேன். அம்மா முகம் வாடியது, ஆனாலும் மாற்றவில்லை. காரணம் இருக்கிறது.

நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடிப் படித்ததைப் பேசுவோம். அங்கே ஓர் அண்ணன் இந்த நாவலைப் பிரித்துப் பார்க்காமலேயே, “நம்ம ஆளு எழுதியது, ஒரு மூணு போட்டுடுங்க, மனசு நோகக்கூடாது” என்றார். எனக்குச் சுருக்கென்றது. தமிழ்நாட்டு நாவல் என்றால் வரி வரியாக அலசுகிறோம், சண்டை போடுகிறோம். நம் எழுத்தாளர் என்றால் தட்டிக்கொடுத்து ஓரமாக உட்கார வைக்கிறோம். அந்த மூன்று மார்க்கில் படித்த அடையாளமே இல்லையே! நான் குறைத்த ஒரு மார்க், முழுதாகப் படித்துக் குறைத்தது. அண்ணனிடம் அப்படியே சொன்னேன். புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார், இன்னும் முடிக்கவில்லையாம்.

கடைசியாக, ரெ. கார்த்திகேசுவின் ‘அந்திம காலம்’ (1998). பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர், 2016இல் மறைந்தார். புற்றுநோய் கண்ட ஒரு தாத்தா, அவருடைய பேரன், இவர்களைச் சுற்றிய கதை. தாதியாக வேலை செய்யும் என் தோழி, இரவு வேலை முடிந்து வந்து நோயைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்கமாட்டாள். இதை மூன்றே நாளில் முடித்தாள். அவள் மார்க் ஐந்து. நானும் ஐந்துதான்.

அடுத்து ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ படிக்க வேண்டும். கடைகளில் தேடினேன், கிடைக்கவில்லை. பினாங்கிலோ பட்டர்வொர்த்திலோ யாரிடமாவது இருந்தால் ஒரு மாதம் கொடுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். அம்மா இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.