அவிலா தெரேசாவைத் தமிழில் படித்தவர்கள் யாராவது?

இயேசுவுக்கே புகழ். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். அக்டோபர் 15 அவிலா தெரேசாவின் திருநாள். எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் குழு) அவரைப் பற்றிப் பேசும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. பாதிப் பேர் கொல்கத்தா அன்னை தெரேசா என்று நினைக்கிறார்கள், மீதிப் பேர் ரோஜாப்பூவோடு நிற்கும் குழந்தை இயேசுவின் தெரேசா என்கிறார்கள். இவர் 1515இல் ஸ்பெயினில் பிறந்தவர். 1970இல் திருச்சபையின் முதல் பெண் மறைவல்லுநர், அதாவது திருச்சபை தன் சிறந்த போதகராக ஏற்கும் புனிதர், ஆனவர். சியன்னா நகரப் புனித கத்தரீனுக்கே அந்தப் பட்டம் ஒரு வாரம் கழித்துத்தான்.

என் சிக்கல் அவர் 1577இல் எழுதிய அகக்கோட்டை நூல். ஆன்மாவைப் பளிங்குக் கோட்டையாகப் பார்க்கிறார். அதில் ஏழு படிநிலைகள், நடுவில் கடவுள். முதல் நிலைக்குள் நாம் நுழையும்போதே பாம்பும் பூச்சியும் கூடவே வந்துவிடுமாம்! இந்தப் படிநிலைகளை ஸ்பானிய மொழியில் 'மொராதாஸ்' என்கிறார். அதை மாளிகை என்றால் ஆடம்பரமாக இருக்கிறது, அறை என்றால் வாடகை வீடு மாதிரி. உறைவிடம் சரியா?

தமிழ் மொழிபெயர்ப்பு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். பழைய, அட்டை கிழிந்த பிரதி ஆனாலும் சரி. பினாங்குத் தீவில் இருந்தால் பெர்ரி ஏறி நானே வந்து, படித்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்.

அப்புறம் இன்னொன்று. சட்டி பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று தம் சபைக் கன்னியருக்கு அவர் எழுதியதில் இருந்துதான் தொடங்கப் போகிறேன். கேட்க வருபவர்கள் பெரும்பாலும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவரும் அக்காமார்கள். வேறு நல்ல தொடக்கம் இருந்தாலும் சொல்லுங்கள்.